கல்தொட்டி வெற்றிலை

என் மாமியார் வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை ஒரு வெற்றிலைக் கொடிக்குக் கிடைத்தது. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல்தான்.

வீடு தென்காசியில், பெரிய கோயிலை ஒட்டிய தெரு. கோபுரம் பிளந்து மொட்டையாக நின்ற காலம் அது. யுத்தம் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தின் ஈசான மூலையில் ஒரு கல்தொட்டி. அந்தத் தொட்டியில் வேர் விட்டு, பக்கத்து மரத்தூணைப் பற்றிக்கொண்டு ஓடு வரைக்கும் ஏறியிருந்தது கொடி. வெயில் நேராக விழாது, காற்றும் அடிக்காது. வெற்றிலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அத்தை கல்யாணமாகி வந்த புதிதில் நட்டதாம். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிடுவதில் என்ன குறைச்சல், அதற்குக் காசா பணமா?

காலையில் குளித்துவிட்டு வருகிற ஒவ்வொருவரும் ஈரத்துணியோடு ஒரு செம்புத் தண்ணீரைக் கொடிக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெள்ளிக்கிழமை மஞ்சள் நீர். பொழுது சாய்ந்தபின் இலை கிள்ளக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. மாதாமாதம் அந்த மூன்று நாளும் நான் பின்கட்டில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் கிடப்பேன். என் தட்டு, என் பாய், என் செம்பு எல்லாம் தனி. அங்கே போகவும் வரவும் தொழுவத்துச் சந்து. முற்றத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் கெட்டவள் என்று பேர் வாங்கியவள்தான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் என்மேல் குற்றம் கிடையாது.

எனக்குப் பிள்ளையில்லை. எத்தனை வருஷம் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். அத்தை நிறுத்தவில்லை. தெருவில் யாருக்காவது வளைகாப்பு என்றால் அன்றைக்கு எங்கள் வீட்டு அடுக்களையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழும். மாமா இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. என் வீட்டுக்காரர் ரதவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல நிறம், நல்ல குரல், வாய் நிறைய எந்நேரமும் வெற்றிலை. ஏதாவது கேட்டால் தாடையை நிமிர்த்தி, வாயில் எச்சில் இருக்கிறது என்று கையைக் காட்டுவார். பதில் சொல்லப் பிடிக்காத மனுஷனுக்கு வெற்றிலையைப் போல வசதி வேறில்லை.

அந்த வருஷம் தைக்குப் பிறகு அவருக்கு ஒரு ஆசை பிடித்தது. செங்கோட்டையில் யாரோ சிநேகிதன் வீட்டில் சிவப்புச் சிமிட்டித் தரை போட்டிருக்கிறானாம், முகம் தெரிகிறதாம். நம் வீட்டிலும் போடவேண்டும். கொத்தனார்கள் வந்தார்கள், பழைய செங்கல் தளத்தைப் பெயர்த்தார்கள், சித்தாற்று மணலைக் கொண்டுவந்து தொழுவத்துப் பக்கம் குவித்தார்கள். மாசியில் தாழ்வாரம் முழுக்கச் சிவப்பாக மின்னியது. அதில் அவர் தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு சுற்று நடந்து பார்ப்பார். பெண்டாட்டியை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருந்தால் நானும் மின்னியிருப்பேன்.

பங்குனியில் கொடியின் இலை மஞ்சளித்தது. முதலில் அடியிலைகள், அப்புறம் நடுவில். சித்திரையில் கணுக்கள் சோர்ந்து இலைகள் கிளிமூக்குப் போலக் கீழே தொங்கின. வெயிலுக்குத்தான் வாடுகிறது என்று அத்தை தண்ணீரைக் கூட்டினாள். காலையில் ஊற்றியது போதாதென்று சாயங்காலமும் ஊற்றினாள். வாட வாட அவளுடைய பக்தியும் கூடியது. வெள்ளிக்கிழமை மஞ்சள் நீர், செவ்வாய்க்கிழமை பால், அமாவாசைக்கு இளநீர். அரிசி களைந்த தண்ணீர் தினமும். ஒரு ஆளுக்கு இவ்வளவு கொடுத்திருந்தால் அந்த ஆளே வயிறு ஊதிச் செத்திருப்பான்.

ஒருநாள் கூட்டும்போது எனக்கு அந்த வாடை அடித்தது. சாக்கடை அடைத்தால் வருமே, அந்த வாடை. தொட்டியிலிருந்து வந்தது. என் அப்பாவுடைய வயல் ஆய்க்குடியில் ஒரு கொடிக்காலை ஒட்டி இருந்தது. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். பொம்பளைப்பிள்ளை உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்பார்கள். அதனால் நான் அகத்தி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். பார்ப்பதற்கு யாரும் தீட்டு விதிக்கவில்லை. வெற்றிலைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் வேர் அழுகிவிடும் என்பது அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்.

குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தேன். தொட்டி இரண்டு கற்களின்மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. ஊற்றிய தண்ணீர் அதன்வழியே சொட்டி முற்றத்துக்கு ஓடும். அந்தத் துளை இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் புதுச் சிமிட்டி அப்பியிருந்தது.

அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கேட்டேன். அத்தை பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

"தொட்டிக்கு அடியில யாரு சிமிட்டி வச்சு அடைச்சது?"

அவர் முற்றத்துக்குப் போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். அவர் துப்பிவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நாந்தான் அடைக்கச் சொன்னேன். செம்மண் தண்ணி சொட்டிச் சொட்டிப் புதுத் தரை பாழாகுதுல்லா. அதுக்கு இப்ப என்னங்கே?"

"அதான் கொடி அழுகுது. வேருல தண்ணி நிக்கி. அத்தைட்ட சொல்லுங்க. நாளைக்கே ஆளை விட்டு உடைச்சிரலாம்."

"ஏட்டி, அம்மைட்ட சொல்லிராதே," என்றார். "அவளுக்குக் கொடின்னா உசிரு. நான் அடைச்சேம்னு தெரிஞ்சா வீடு ரெண்டாப் போகும். நானே ஒருநாள் பக்குவமாச் சொல்லுதேன்."

எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று ஒன்று அதுவரை இருந்ததேயில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பக்குவத்தைத் தேடிக்கொண்டே இருந்தார்.

வைகாசியில் கொடியின் அடித்தண்டு கறுத்தது. அப்போதுதான் அத்தை தீட்டுப் பேச்சை எடுத்தாள். தெருப்பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது, என்னைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"கறிவேப்பிலையும் வெத்திலையும் தீட்டுப் பொறுக்காது. யாரோ தூரத்தோட தொட்டிருக்கா. தொடாம இப்படிப் பட்டுப் போவாது."

யாரோ என்றால் யார்? அந்த வீட்டில் தூரமாகிறவள் நான் ஒருத்திதான்.

"நான் அந்தப் பக்கமே போகல அத்தை," என்றேன். "தொட்டியில தண்ணி தங்குதோ என்னவோ. கொஞ்சம் ஊத்தாம இருந்து பாப்பமே."

"கேட்டியளா கதையை! கொடிக்குத் தண்ணி ஊத்தக்கூடாதாம். இவ வயித்துல ஒண்ணு தங்கல, தொட்டியில தண்ணி தங்கினா இவளுக்குப் பொறுக்கல."

அந்த இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து நான் நல்ல நாளிலும் தொட்டிப் பக்கம் போகக்கூடாது என்று ஆயிற்று. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் மகன் உடைத்தாலும் மருமகள் கணக்கில்தான் எழுதினார்கள்.

ஆனியில் அத்தை பண்பொழித் திருமலைக்குப் போய் வந்தாள். மலையேறி வந்த கால்வலியோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து, குமாரசாமி சந்நிதியில் நேர்ந்துகொண்டதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆவணி பிறப்பதற்குள் கொடி தளிர்க்கவேண்டும். தளிர்த்தால் இந்த வீட்டில் தோஷமில்லை, மருமகள் இருக்கட்டும். தளிர்க்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பது. வடகரையில் ஒரு பெண் இருக்கிறதாம், நெல்லும் தென்னையுமாக வசதிப்பட்ட வீடாம், எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மனசு நின்றால்தான் உண்டு.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கையில் ரசக் கரண்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை. "அம்மா, நான்தான் துளையை அடைத்தேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் இலையைப் பார்த்தபடி, "ரசத்துக்கு உப்பு கம்மி," என்றார்.

எனக்குப் போக்கிடம் கிடையாது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆய்க்குடியில் அண்ணன் இருந்தான். மதினி என்னைப் பார்த்தவுடனே எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கிற ரகம். வேறு பெண் வந்தால் நான் அந்த வாசலில் போய் நிற்கவேண்டும், இல்லையென்றால் இந்த வீட்டிலேயே வேலைக்காரியாக இருக்கவேண்டும். ஒரு கல்தொட்டிக்கு அடியில் இருந்த கைப்பிடிச் சிமிட்டி என் தலையெழுத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அவரை நான் வெறுத்தேன். கூசாமல் சொல்கிறேன், அத்தையைவிட அதிகமாக வெறுத்தேன். அவளுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்.

ஆடி பிறந்ததும் மலையில் மேகம் இறங்கியது. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது, அருவியில் தண்ணீர் பொங்குகிறது என்று தெருவெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டிலும் வண்டி பேசினார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, கோயிலுக்கும் போய்விட்டு, பொழுது சாயத் திரும்புவது என்று ஏற்பாடு. முந்தின நாள்தான் நான் தூரமானேன்.

"சனியன், இதுக்குன்னே வருது பாரு," என்றாள் அத்தை. புளியோதரையைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, எனக்கு ஒரு தட்டுப் பழையதைத் தொழுவத்து அறை வாசலில் தள்ளி வைத்தாள். மாமா, அவர், அத்தை, பக்கத்து வீட்டு உறவுக்காரர்கள் என்று இரண்டு வில்வண்டி. தெருக்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். மாட்டுச் சலங்கைச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் நான் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. சோற்றைத் தின்றேன். தட்டைக் கழுவினேன். சாரல் ஓட்டின்மேல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தொடாததற்கா இந்தப் பேச்சு? தொட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொள்வோமே!

முந்தானையைச் செருகிக்கொண்டு தொழுவத்திலிருந்து கடப்பாரையை எடுத்தேன். முற்றத்துக்கு நேராக நடந்தேன். பிறந்ததிலிருந்து ஏற்றி வைத்த பயம் ஒரு நாளில் இறங்கிவிடுமா? சாமியறையைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தொட்டிமுன் போய் நின்று, முதலில் ஒரு இலையைத் தொட்டேன். மஞ்சளாக, ஈரமாக, செத்த தவளைபோலக் கையில் ஒட்டியது. வானம் இடிந்து விழவில்லை.

அப்புறம் பயம் போய்விட்டது. தூணிலிருந்து கொடியைக் கணுக்கணுவாகப் பிரித்து இறக்கித் தரையில் கிடத்தினேன். உச்சியில் கொஞ்சம் பச்சை இருந்தது. எங்கள் ஊர்க் கொடிக்காலில் வயதான கொடியை இப்படித்தான் இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைப்பார்கள். கணுவுக்குக் கணு புதுவேர் விட்டு மறுபடி ஏறும். மேல்மண்ணைத் தனியாக வாரி வைத்துவிட்டு, சிரட்டையால் தொட்டியைத் தோண்டினேன். இரண்டு கை ஆழத்துக்குக் கீழே மண் இல்லை, கறுப்புக் கூழ். அத்தையின் பால், இளநீர், மஞ்சள், அரிசிக் கழுவல் எல்லாம் சேர்ந்து நாறிக் கிடந்தன. முழங்கைவரை விட்டு அள்ளினேன். குமட்டியது. குமட்டக் குமட்ட அள்ளினேன்.

தொட்டி காலியானதும் கடப்பாரையை உள்ளே நட்டு இடித்தேன். சிமிட்டி ஒன்றும் அவ்வளவு பலமில்லை, போட்டவனைப் போலத்தான். பொட்டென்று உடைந்து கீழே விழுந்தது. மிச்சமிருந்த கறுப்புத் தண்ணீர் அவருடைய சிவப்புத் தரையில் பாய்ந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொத்தனார்கள் விட்டுப்போன சித்தாற்று மணல் தொழுவத்தில் குவிந்து கிடந்ததல்லவா, அதில் கொஞ்சம். காய்ந்து மக்கின சாணித்தூள் கொஞ்சம். கொல்லைச் செம்மண். துளைமேல் ஓட்டுச்சில்லை வைத்து எல்லாவற்றையும் கலந்து நிரப்பினேன். அழுகின அடித்தண்டை அரிவாளால் வெட்டினேன். கறுப்பு போகிறவரை வெட்டி, வெட்டின இடத்தில் வெள்ளையாக, நல்ல வெற்றிலை மணம் வந்தபிறகுதான் நிறுத்தினேன். மிஞ்சினது பாதிக்கும் குறைவு. அதன் கீழ்ப்பாதியில் இலைகளைக் கிள்ளிவிட்டு, வளையமாகச் சுருட்டிப் புதைத்தேன். நுனியை வாழைநாரால் தூணில் கட்டினேன். பழைய மேல்மண்ணை மேலே தூவி ஒன்றும் நடக்காததுபோல் ஆக்கினேன். நாறின மண்ணையெல்லாம் எருக்குழியில் கொட்டி, தரையைத் துடைத்து, வெட்டின தண்டை அறுந்து விழுந்ததுபோல் தூணடியில் போட்டுவிட்டு, கிணற்றடியில் குளித்து, மறுபடி தொழுவத்து அறைக்குப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் வலித்தது. சுகமான வலி.

அவர்கள் பொழுதோடு வந்தார்கள். குளித்த எண்ணெய்த்தலைகளோடும் குற்றாலத்துப் பலாச்சுளையோடும் வந்தார்கள். கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அத்தையின் கூப்பாடு கேட்டது.

"அய்யோ, கொடி விழுந்துட்டே! ஓடு வரைக்கும் நின்னது இத்துனூண்டாப் போச்சே!"

சாரல் காற்றில் அறுந்து விழுந்துவிட்டது என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். வாழைநாரைப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர், நீ கட்டினதா, நான் கட்டினதா என்று கேட்டுக்கொண்டார்கள். நான் தொழுவத்தில் இருக்கும்போது என்னை யார் கேட்பார்கள்? அத்தை அன்றோடு கொடியைக் கைகழுவினாள். செத்ததற்கு எதற்குத் தண்ணீர் என்று ஒரு செம்புகூட ஊற்றவில்லை, யாரையும் ஊற்றவிடவும் இல்லை. கொடி பிழைத்ததற்கு என் கைவேலை பாதி, அத்தை கைகழுவினது பாதி. கும்பிடுவதை நிறுத்தியதும் அது மூச்சுவிட்டது.

சாரல் தண்ணீர் ஓட்டிலிருந்து தொட்டியில் விழுந்து, துளைவழியே சொட்டி, சிவப்புத் தரையில் செம்மண் கறை படர்ந்தது. ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பினவர் அதைப் பார்த்தார். குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எப்போது செய்தாய் என்று கேட்பார், ஏதாவது சொல்வார் என்று வாசல்படிவரை பின்னால் போனேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி முடிகிற சமயம், தூணை ஒட்டிய கணுவில் நகக்கண் அளவுக்கு ஒரு தளிர் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, எண்ணெய் தடவினதுபோல மினுமினுப்பாக. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் படும் என்றல்ல, நான் பார்த்தேன் என்றாலே பழி வரும். இரண்டு நாளில் இன்னும் மூன்று கணுவில் வந்தது. அப்புறம் அத்தையே பார்த்தாள்.

நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்தானே? ஆவணி பிறக்கவில்லை, கொடி தளிர்த்துவிட்டது. குமாரசாமி சாட்சி. அடுக்களையில் நின்றுகொண்டு நான் நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தேன். அத்தை தொட்டிமுன் விழுந்து கும்பிட்டாள். எழுந்தாள். கண்ணில் நீரோடு மகனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இங்கன வந்து பாரு! வடகரைப் பொண்ணு வீட்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன்லா, அங்கன பேச்செடுத்த வாரமே தளிர்த்துட்டு பாத்தியா! அவ காலெடுத்து வைக்கதுக்கு முன்னாலயே ராசியைக் காட்டுதா. இது முருகன் சொல்லுதது. இனி யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். நான் பாடுபட்டுப் பிழைக்க வைத்தது எனக்கே எதிராகத் தளிர்த்துவிட்டது. வாயைத் திறக்க முடியுமா? நான்தான் பிழைக்க வைத்தேன் என்றால், எப்போது என்பார்கள். எல்லோரும் குற்றாலம் போயிருந்த நாளில் என்றால், அன்றைக்கு நீ தூரமல்லவா என்பார்கள். ஊமை கண்ட கனவுதான். இந்த உலகத்தில் எனக்காகப் பேசக்கூடிய ஒரே வாய் அவருடையது. துளையை அடைத்தவர், துளை திறந்ததைப் பார்த்தவர். அந்த வாய் மென்றுகொண்டிருந்தது. மென்றதை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "அம்மை இஷ்டம்," என்றது.

நான் என்ன ஆவது என்ற பேச்சும் வந்தது. "இருந்துட்டுப் போட்டும். அடுப்படிக்கு ஆள் வேணும்லா," என்றாள் அத்தை. பெரிய மனசு.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் நிச்சயம். இரண்டாந்தாரம் என்பதால் ஆரவாரம் வேண்டாமென்று எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். வடகரையிலிருந்து பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன் என்று நாலைந்து பேர் வந்தார்கள். பெண் வரவில்லை. அவள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவளை யார் கேட்டார்கள்? அவளுடைய அம்மா தாழ்வாரத்தில் நின்று, தூணில் பாதி ஏறியிருந்த கொடியைத் தடவிப் பார்த்தாள்.

"கொடி கொள்ளாம்! நல்ல கைராசி," என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அத்தை வெட்கப்பட்டாள்.

தட்டில் வைக்கக் கடையிலிருந்து வெற்றிலை கட்டுக்கட்டாக வந்திருந்தது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுக் கொடியின் முதல் இலைகள்தான் இருக்கவேண்டும் என்றாள் அத்தை. அவளே குளித்து, ஈரத்துணியோடு கிள்ளினாள். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் முழங்கை அழுக்கில் முளைத்த இலைகள். மஞ்சளும் பூவும் பாக்கும் சேர்த்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, தட்டை மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பாயசம் ஊற்றினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. நான் அந்த வீட்டிலேயே இருந்தேன், அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்கிறவரைக்கும் இருந்தேன். அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நிச்சயத்தன்று மத்தியானம் நடந்தது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

விருந்தாட்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டை முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கிள்ளினதில் மிஞ்சின வீட்டு இலைகள் அதில் இருந்தன. நான்தான் நரம்பு கிழித்து, சுண்ணாம்பு தடவி, மடித்துக் கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார்.

"நல்லாருக்கு. காரம் ஏறுது," என்றார். எனக்கு அவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

நான் எழுந்திருக்கவில்லை. மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"எல்லாரும் குத்தாலத்துக்குப் போனிய பாத்தியளா, அன்னைக்கு நட்டது. வேரை வெட்டினது, மண்ணு மாத்தினது, நீங்க அடைச்ச ஓட்டையை உடைச்சது எல்லாம் நாந்தான். தூரத்தோட. ரெண்டாம் நாளு."

தாடை நின்றது. முகம் வெளுத்துவிட்டது. தட்டில் போன இலை, சாமி முன்னால் வைத்த இலை, சம்பந்தக்காரர்கள் கண்ணில் ஒற்றின இலை எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்ணில் போவதை நான் பார்த்தேன். இதை அத்தையிடம் சொன்னால் நிச்சயம் நின்றுபோகும். என்னையும் அன்றைக்கே ஆய்க்குடிக்கு வண்டியேற்றிவிடுவார்கள். ஆனால் சொல்வதென்றால் ஓட்டையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதை அடைத்தவர் யார் என்பதிலிருந்து.

எச்சில் ஒழுகாமல் தலையை நிமிர்த்திக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார்.

"அம்மைட்ட சொல்லிராதே."

துப்புவதற்கு எழுந்தார், பாதியில் நின்றார். முற்றத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் மத்தியானத்திலேயே ஒரு செம்பு மஞ்சள் நீரைக் கொண்டுவந்து கொடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் துளைவழியே சொட்டிச் சிவப்புத் தரையில் ஓடியது. "என்னலே முழிக்கே?" என்றாள் அத்தை. அவர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி உட்கார்ந்தார். வாயிலிருந்ததை விழுங்கினார்.